ஓடாத வண்டிக்கும் வயதாகும்

ஒரு கேள்வியுடன் தொடங்குவோம். அமெரிக்காவில் இரண்டு பழைய வண்டிகள் விற்பனைக்கு நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 1976-ஆம் ஆண்டில் ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. நீளம் ஒன்றே, எஞ்சினும் ஒன்றே. முதல் வண்டி இதுவரை ஓடிய தூரம் 30,000 மைல்தான். பெரும்பாலான காலம் அது ஒரு கொட்டகையில் அசையாமல் நின்றது. இரண்டாவது வண்டி ஆண்டுதோறும் கோடையில் பயணம் போய்வந்து, 1,50,000 மைல் ஓடியிருக்கிறது. விலையும் ஒன்றே. நீங்கள் எதை வாங்குவீர்கள்?

“குறைவாக ஓடியதைத்தான்” என்று பெரும்பாலோர் சொல்லுவர். குறைவாக ஓடியிருந்தால் தேய்மானம் குறைவு அல்லவா? ஆனால் இத்தகைய வண்டிகளைப் பேணுவதையே பொழுதுபோக்காகக் கொண்ட அனுபவசாலி ஒருவர் உடனே விடை சொல்லமாட்டார். முதலில் குனிந்து டயரைப் பார்ப்பார். உள்ளே ஏறித் தரையை மிதித்துப் பார்ப்பார். குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் மூக்கை நீட்டி முகர்ந்தும் பார்ப்பார். ஏன் இப்படிச் செய்கிறார்? காரணங்கள் எல்லாம் உங்கள் இயற்பியல், வேதியியல் பாடப் புத்தகங்களிலேயே இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

வண்டியே வீடு

நாம் பேசப்போகும் வண்டிக்கு மோட்டார் வீடு என்று பெயர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவறை, குளிர்ப்பெட்டி எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து நான்கு அடி வைத்தால் சமையலறை வந்துவிடும். 1966-ல் அயோவா மாநிலத்திலுள்ள வின்னிபேகோ நிறுவனம் இவற்றைத் தொழிற்சாலை வரிசையில் பெருமளவில் செய்யத் தொடங்கியது. அதன் பிறகு அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களிடையே மோட்டார் வீடு பரவலாயிற்று. அக்காலத்து மோட்டார் வீடுகளில் பெரும்பாலானவை, லாரிக்குரிய அடிச்சட்டத்தின் மேல் ஒரு பெட்டியைக் கட்டி வைத்தவையே.

இதற்கு மாறாக, அடி முதல் முடி வரை மோட்டார் வீடாகவே வடிவமைக்கப்பட்ட வண்டி ஒன்று 1973-ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஜி.எம்.சி. பிரிவு அதை மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் நகரில் உருவாக்கியது. 23 அடி, 26 அடி என இரு நீளங்களில் கிடைத்தது. அது விற்பனைக்கு வந்த சில மாதங்களில், 1973 அக்டோபரில், எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியது. பெட்ரோலை அதிகம் குடிக்கும் பெரிய வண்டிகளுக்கு அது நல்ல காலம் அன்று. 1978-ல் உற்பத்தி நின்றது. மொத்தம் ஏறத்தாழ 12,900 வண்டிகளே செய்யப்பட்டன. ஆயினும் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அவற்றுள் பல ஓடிக்கொண்டிருக்கின்றன. உரிமையாளர்கள் சங்கங்கள் அமைத்துக்கொண்டு, கிடைக்காத உதிரிப் பாகங்களைச் சிறு பட்டறைகளில் செய்வித்து, ஒருவருக்கொருவர் உதவி வருகின்றனர்.

இந்த வண்டியில் அவர்களைக் கவர்ந்தது எது? சாதாரண லாரியில் எஞ்சின் முன்னால் இருக்கும். அது சுழற்றுவதோ பின்சக்கரங்களை. இரண்டையும் இணைக்க நீண்ட சுழல்தண்டு ஒன்று வண்டியின் அடியில் ஓடவேண்டும். ஆகவே தரையை உயர்த்தித்தான் ஆகவேண்டும். ஜி.எம்.சி. பொறியாளர்கள் 1966-ல் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் டொரனாடோ என்னும் காரின் அமைப்பை எடுத்துக்கொண்டார்கள். அதில் எஞ்சின் முன்சக்கரங்களையே சுழற்றும். பல்சக்கரப் பெட்டி எஞ்சினுக்குப் பின்னால் நீளாமல் அதன் பக்கத்திலேயே அமர்ந்திருக்கும்; அகன்ற சங்கிலி ஒன்று எஞ்சினின் சுழற்சியைப் பல்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும். அடியில் சுழல்தண்டும் இல்லை. குறுக்கே பின்னச்சும் இல்லை. எனவே வண்டியின் தரை, சாலையிலிருந்து ஓர் அடிக்குச் சற்று மேலேயே அமைந்தது. ஈர்ப்பு மையம் தாழ்ந்ததால் வளைவுகளில் வண்டி உறுதியாக நின்றது.

பின்புறத்தில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சக்கரங்கள், ஒன்றன் பின் ஒன்றாக. அவற்றுக்கு இடையே எஃகு வில்லுக்குப் பதிலாகக் காற்றடைத்த பை. பையிலுள்ள காற்றைக் கூட்டியும் குறைத்தும் வண்டியின் பின்புறத்தை உயர்த்தலாம், தாழ்த்தலாம். இந்த வசதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ப்பெட்டியைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும்.

டயரில் எழுதிய பிறந்த நாள்

இப்போது நம் அனுபவசாலியுடன் சேர்ந்து நாமும் குனிவோம். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்னும் எழுத்துகளுடன் தொடங்கும் ஒரு குறியீடு இருக்கும். 2000-ஆம் ஆண்டு முதல் அதன் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் செய்யப்பட்ட காலத்தைக் காட்டுகின்றன. முதல் இரண்டு இலக்கங்கள் வாரம். அடுத்த இரண்டும் ஆண்டு. 2309 என்றிருந்தால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் என்று பொருள்.

அத்தகைய டயரின் கோடுகள் சிறிதும் தேயாமல் புதியவைபோலவே இருக்கலாம். ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைத் தாக்கி அறுக்கின்றன. ரப்பர் மீள்தன்மை இழந்து வெடிப்பு விடுகிறது. இதைத் தடுக்கத்தான் டயர் செய்யும்போது மெழுகு போன்ற காப்புப் பொருள்களை ரப்பரில் கலக்கிறார்கள். இங்கே ஒரு வியப்பைக் காணுங்கள். டயர் உருண்டு நெளியும்போதுதான் அந்தக் காப்புப் பொருள்கள் உள்ளிருந்து மேற்பரப்புக்கு நன்கு வந்து படிகின்றன. நிற்கும் டயருக்கு அந்தப் பூச்சு சரிவரக் கிடைப்பதில்லை. ஓடும் டயர் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. நிற்கும் டயர் காவலின்றி மூப்படைகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் 5 டன் வண்டியின் முன் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பெட்ரோல் குழாய்களும் ரப்பரே. அமெரிக்காவில் இன்று விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் வரை எதில் ஆல்கஹால் கலந்திருக்கிறது. 1970-களின் ரப்பர்க் குழாய்கள் இக்கலவையைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. அவை மென்மையாகி, பிறகு கசியலாம். சூடான எஞ்சினின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீதான். ஆகவே பழைய வண்டியை வாங்கியவர் செய்யவேண்டிய முதல் செலவு வண்ணப் பூச்சு அன்று, மெத்தை உறையும் அன்று. புதிய பெட்ரோல் குழாய்களே.

நீர் புகுந்த இடம்

அடுத்து அவர் தரையை மிதித்துப் பார்த்தார் அல்லவா? தரை மெத்தென்று அமுங்கினால் பலகை உளுத்துவிட்டது என்று பொருள். கூரையின் இணைப்புகளிலும் சன்னல் ஓரங்களிலும் உள்ள அடைப்புப் பசை ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி வெடிக்கும். மழைநீர் அதன் வழியே மெல்ல இறங்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சைகள் குடியேறி அதைத் தின்னத் தொடங்கும். வண்டி அன்றாடப் பயன்பாட்டில் இருந்தால் ஒழுகுவதை யாராவது உடனே கவனிப்பார்கள். கொட்டகையில் பூட்டிக் கிடந்தால் யார் பார்ப்பது?

ஜி.எம்.சி. வண்டியின் உடல் அலுமினியத்தாலும் கண்ணாடியிழைப் பிளாஸ்டிக்காலும் ஆனது, அது துருப்பிடிக்காது. ஆனால் அடிச்சட்டம் எஃகு. அமெரிக்காவின் வடபகுதியில் குளிர்காலத்தில் பனிக்கட்டியை உருக்கச் சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? இரண்டு வெவ்வேறு உலோகங்கள், இடையில் ஒரு மின்பகு திரவம். ஆம், ஆய்வகத்தில் நீங்கள் செய்து பார்த்த மின்கலமேதான்! இக்கலத்தில் அலுமினியம் கரைந்துகொண்டே போகும். வெள்ளைப் பொடி படிந்த மூட்டுகள் இதற்குச் சாட்சி.

அப்படியானால் மழையும் உப்பும் இல்லாத அரிசோனா போன்ற வறண்ட மாநிலத்தில் கிடந்த வண்டி நல்லதா? சட்டத்துக்கு நல்லது. ஆனால் அங்கே கடும் வெயிலின் புறஊதாக் கதிர்கள் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் துணியையும் நொறுக்கிவிடும். வடக்கே உப்பு, தெற்கே வெயில். வண்டி எங்கே வாழ்ந்தது என்று கேட்பது, நோயாளியிடம் மருத்துவர் ஊரைக் கேட்பதற்கு ஒப்பாகும்.

நீரால் வரும் மற்றொரு தொல்லை பனிக்காலத்துக்கு உரியது. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுகிறது. குழாய்களில் நீரை விட்டுவைத்தால் உறைந்து அவற்றைப் பிளந்துவிடும். ஆகவே குளிர்காலம் வருமுன் நீரை எல்லாம் வடித்துவிட்டு, நச்சில்லாத புரோப்பிலீன் கிளைக்கால் கரைசலைக் குழாய்களில் செலுத்துகிறார்கள். ஓர் ஆண்டு மறந்தாலும் போதும். வசந்த காலத்தில் தண்ணீரைத் திறந்ததும் சுவரெல்லாம் ஒழுகும்.

பிரேக்கில் ஒரு கணக்கு

பிரேக் திரவத்தை ஒருவரும் கண்ணால் பார்ப்பதில்லை. பெரும்பாலோர் மறந்தும் விடுகின்றனர். ஆனால் உயிர் அதில்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வண்டியின் நிறை 5,000 கிலோகிராம். வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 25 மீட்டர் என்று கொள்வோம். இயக்க ஆற்றல் = ½ × 5,000 × 25 × 25 = 15,62,500 ஜூல். வண்டியை நிறுத்தினால் இந்த ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்குகளில் வெப்பமாக மாறும். 30 டிகிரியில் உள்ள 5 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்.

இப்போது மலைச்சாலைக்கு வருவோம். அதே வண்டி 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. இழக்கும் நிலை ஆற்றல் = 5,000 × 9.8 × 500 = 2,45,00,000 ஜூல். முன்னதைப்போல் ஏறத்தாழ 16 மடங்கு! அத்தனையையும் பிரேக்கே தாங்கவேண்டுமானால் அது எவ்வளவு சூடேறும் என்று எண்ணிப் பாருங்கள்.

சாதாரண பிரேக் திரவம் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 என்னும் தர வகையில், புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் 140 டிகிரி இருந்தால் போதும் என்றே அந்த விதி ஒப்புக்கொள்கிறது. பல்லாண்டு மாற்றாத திரவம் மலை இறக்கத்தில் கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். எனவே மிதியை அழுத்தினால் குமிழ்தான் சுருங்கும், சக்கரம் நிற்காது.

ஆகவே இரண்டு பழக்கங்கள் வேண்டும். ஒன்று, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் திரவத்தை மாற்றுவது. மற்றொன்று, இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்கி, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி விடுவது.

தீயால் குளிரும் பெட்டி

அக்கால மோட்டார் வீடுகள் பலவற்றில் விந்தையான குளிர்ப்பெட்டி ஒன்று உண்டு. அதில் மோட்டாரும் இல்லை, அழுத்தியும் இல்லை. அடியில் ஒரு சிறு வாயுச் சுடர் எரியும்; மேலே பனிக்கட்டி உறையும்! 1922-ல் ஸ்டாக்ஹோமில் பொறியியல் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்ட்டர்ஸ் என்னும் இருவர் கண்டுபிடித்தது இது.

குழாய்களுக்குள் நீர், அம்மோனியா, ஹைட்ரஜன் மூன்றும் அடைக்கப்பட்டிருக்கும். சுடரின் வெப்பம், நீரில் கரைந்த அம்மோனியாவை ஆவியாக்கி மேலே அனுப்புகிறது. அங்கே அது குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் இறங்குகிறது. அங்கே அம்மோனியா ஆவியின் பகுதி அழுத்தம் மிகக் குறைவு. ஆகவே அம்மோனியா விரைந்து ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக்கொள்கிறது. பிறகு நீர் அதை மீண்டும் உறிஞ்ச, சுற்று தொடர்கிறது.

இங்கே திரவங்களை இறக்குவது புவி ஈர்ப்பு ஒன்றே. வண்டி சாய்ந்து நின்றால் திரவம் தவறான இடத்தில் தேங்கும். சுடருக்கு மேலுள்ள குழாய் வறண்டு அளவுக்கு மீறிச் சூடேறும். பல முறை இப்படி நேர்ந்தால் குழாய் வெடிப்பு விட்டு, அம்மோனியாவும் எரியக்கூடிய ஹைட்ரஜனும் வெளியேறும். எனவேதான் இரவு தங்குமிடத்தில் வண்டியை மட்டமாக நிறுத்துவது உரிமையாளரின் முதல் வேலை. காற்றுப் பையின் பயன் இப்போது புரிகிறதா?

குழாய்களின் உட்புறம் துருப்பிடிக்காமலிருக்கச் சோடியம் குரோமேட் என்னும் மஞ்சள் நிற உப்பு கலந்திருப்பார்கள். பெட்டியின் பின்னால் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ அம்மோனியா நெடி அடித்தாலோ குழாய் கசிந்துவிட்டது என்று அறியலாம். நம் அனுபவசாலி முகர்ந்து பார்த்தது இதற்காகவே. அந்த மஞ்சள் பொடி நச்சுப் பொருள், கையால் தொடக்கூடாது.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு வாயுக்கள்

சமையலுக்கும் குளிர்ப்பெட்டிக்கும் புரோப்பேன் வாயு பயன்படுகிறது. அதன் மூலக்கூறு எடை 44. காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. ஆகவே புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தண்ணீர்போல் தரையில் தேங்கும். அதைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவியைத் தரையருகே பொருத்துவது இதனால்தான். மூட்டுகளில் கசிவு உண்டா என்பதைச் சோப்பு நுரை தடவியே சோதிக்கவேண்டும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது.

இரண்டாவது கார்பன் மோனாக்சைடு. பழைய எஞ்சின், மின்னாக்கி, அடுப்பு எதிலும் எரிதல் முழுமை பெறாவிட்டால் இது உண்டாகும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட நாட்டத்துடன் இணைவது இது. புகைபோக்கிக் குழாயில் ஒரு துளை, தரையில் ஓர் இடுக்கு இருந்தால் போதும். உறங்குபவர் விழிக்காமலே போகலாம். 1970-களின் வண்டிகள் வெளிவந்தபோது இதற்கான எச்சரிக்கைக் கருவி அவற்றில் இல்லை. அழகுக்காகப் பழைய வண்டியில் எதையும் மாற்றக்கூடாது என்பவர்கள்கூட, இந்தக் கருவியைப் பொருத்தியே ஆகவேண்டும்.

செலவும் பயனும்

இத்தனை பெரிய எஞ்சின் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்? முதலில் வந்த வண்டிகளின் எஞ்சின் 7.5 லிட்டர் கொள்ளளவு உடையது, 1977-ல் 6.6 லிட்டராகக் குறைக்கப்பட்டது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கிடைப்பது 3½ முதல் 4 கிலோமீட்டர் வரைதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கார்பன் டையாக்சைடு வெளியாகிறது. 100 கிலோமீட்டர் பயணத்துக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். அன்றாடம் ஓட்டுவதற்கு ஏற்ற வண்டி அன்று இது.

பின் ஏன் இதை வைத்திருக்கிறார்கள்? ஒரு வண்டியை அவிழ்த்துப் பூட்டும்போது, அதைச் செய்த பொறியாளரின் சிந்தனை விளங்குகிறது. இன்றைய வண்டியின் பழுதைக் கணிப்பொறி சொல்கிறது. பழைய வண்டியின் பழுதை நாமே கண், காது, மூக்கு, விரல்களால் கண்டுபிடிக்கவேண்டும். இந்தப் பயிற்சியே அவர்கள் தேடும் இன்பம்.

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். 30,000 மைல் ஓடிய வண்டியின் எஞ்சின் தேயாமல் இருக்கலாம். ஆனால் டயர், பெட்ரோல் குழாய், பிரேக் திரவம், கூரை அடைப்பு, வாயு மூட்டு அனைத்தையும் சோதித்து, மூப்படைந்தவற்றை மாற்றிய பிறகே அதைச் சாலையில் இறக்கலாம். அச்செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளவேண்டும். 1,50,000 மைல் ஓடிய வண்டியின் உரிமையாளர், எதை எப்போது மாற்றினார் என்பதற்கு ஒரு கட்டு இரசீதுகள் காட்டினால், அதுவே பாதுகாப்பான வண்டி. இரசீது இல்லையென்றால் இரண்டும் ஒன்றுதான். மைல் மானி ஓடிய தூரத்தை மட்டும் எண்ணும். நின்ற ஆண்டுகளை நாம்தான் எண்ணவேண்டும்.

இதைச் சோதித்துப் பார்க்க அமெரிக்கா போகவேண்டியதில்லை. உங்கள் தெருவில் நெடுநாளாக நிற்கும் கார் ஏதேனும் இருந்தால், உரியவரிடம் கேட்டுக்கொண்டு அதன் டயரிலுள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். பிறகு பக்கவாட்டிலுள்ள வெடிப்புகளை, அன்றாடம் ஓடும் ஒரு காரின் டயருடன் ஒப்பிட்டுப் பாருங்கள். தேர்வுக் காலத்தில் நீங்கள் தொடாமல் விட்ட சைக்கிளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.